படகின் கட்டுத்தறி வட்டி தருமா?

நம் கல்லூரியிற் கற்று, உலகின் பல பாகங்களிலும் தொழில் புரிந்துவரும் பழைய மாணவர்கள் விழாக் காலங்களில் ஊர் வந்து நம்மோடு அளவளாவும்போது, தேடிய பணத்தை எதில் இடுவது என்னும் பேச்சு எவ்வாறேனும் வந்து புகுந்துவிடுகின்றது. முன்னாளில் அப்பேச்சுக் காணி, கடை, பனங்கூடல், வட்டிக்கடன், சீட்டு என்பவற்றோடு முடிந்துவிடும். இன்று அவ்வரிசை நீண்டுவிட்டது. அதிற் கடைசியாக வந்து சேர்ந்திருப்பது படகுத்துறையில் இடம் வாங்குதல். உல்லாசப் படகுகள் தங்கும் துறையிலே ஒரு படகு கட்டி நிறுத்துதற்குப் போதிய இடத்தை விலைக்கு வாங்கி, அதனைப் படகுடையார்க்கு வாடகைக்கு விட்டு, இருந்த இடத்தில் இருந்துகொண்டே வருவாய் பெறலாமா என்பது கேள்வி. தாம் வாழும் நாடுகளில் இத்தகைய இடங்கள் வீடு போல விற்கப்படுவதைக் கண்ட சிலர், நாளை கொழும்பிலும், அதன் பின் நம் தீபகற்பத்தின் கரையிலும் இவ்வாறான துறைகள் எழுமாயின் முந்திக்கொள்ளலாம் என்றும் எண்ணுகின்றனர்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு வட்டிக் கணக்கில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். எண்கணிதமும் கற்றே நாம் ஆசிரியப் பயிற்சித் தராதரப் பத்திரம் பெற்றோம். அன்றியும், இவ்விடயத்தில் முதற்கண் தெளியவேண்டுவது ‘வாங்குதல்’ என்னும் சொல்லின் பொருள். அது நம் துறையேயாம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். இத்தகைய துறையை மேல்நாட்டார் மரீனா என்பர். அச்சொல்லைக் கேட்டவுடன் நமக்குச் சென்னைக் கடற்கரையே நினைவுக்கு வருகின்றது. ஆயின் சென்னை மரீனாவிற் படகு கட்டுவார் எவருமிலர். 1880களிற் சென்னை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் என்பவர் கடலோரத்து உலாச்சாலைக்கு விரும்பி இட்ட பெயர் அது. நாம் ஈண்டுப் பேசும் மரீனா அலைதாங்கி மதில்களால் அடைக்கப்பட்டு, மிதவை மேடைகள் அமைந்து, குடிநீரும் மின்சாரமும் காவலும் உடையதாய், சிறு கலங்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் நீர்நிலை. அங்கே ஒரு கலத்துக்குரிய இடத்தைத் தமிழிற் கட்டுத்தறி என்று வழங்கலாம் எனத் தோன்றுகின்றது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி கவிபாடும் என்பது பழமொழி. படகின் கட்டுத்தறி வட்டி பாடுமா என்பதே நம் ஆராய்ச்சி.

கட்டுத்தறியை வாங்குகின்றவன் எதனை வாங்குகின்றான்? கடலையன்று, கடலின் அடித்தரையையுமன்று. உரோம-ஒல்லாந்தச் சட்டத்தைத் தழுவிய நம் நாட்டிலே கடலும் கடற்கரையும் பொதுவுடைமை. அதன்மேல் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றருமாக ஒரு வலயத்தை வகுத்து, அதனுள் எந்த ஆக்கவேலைக்கும் அனுமதி வேண்டும் என்கின்றது. பிரித்தானியாவைச் சூழ்ந்த கடலின் அடித்தரை, 12 கடல்மைல் வரைக்கும், ஏறக்குறைய முழுவதும் முடிக்குரிய சொத்து. பிரான்சு நாட்டிற் கடலோரப் பொதுநிலம் விற்கப்படத் தகாதது. ஆதலால் அங்கே துறைமுகச் செலவிற் பங்குகொண்டு கட்டுத்தறி பெற்றவருக்கும் கிடைப்பது அதிகபட்சம் 35 ஆண்டு அனுபவ உரிமையே. அமெரிக்காவின் புளோரிடாவில் 1980களில் மாடிவீட்டுத் தளங்களை விற்பதுபோலக் கட்டுத்தறிகளையும் விற்கத் தொடங்கி, அதற்கு டொக்கோமினியம் என்று புதுப்பெயரும் சூட்டினர். அங்குங்கூடப் பல துறைகளில் மேடைக்குக் கீழுள்ள கடற்றரை மாநில அரசிடம் குத்தகைக்குப் பெற்றதாகவே இருக்கக் காண்கின்றோம். கொழும்பிலே கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயரில் அமையும் துறைமுக நகரத்தில், உல்லாசப் படகுத் துறைக்கும் இடம் வகுத்திருக்கின்றனர். அந்நகரத்தை அமைத்த சீனக் கம்பனி தன் பங்காகப் பெற்றதும் 99 ஆண்டுக் குத்தகையே.

எனவே, ‘விற்பனைக்கு’ என்று விளம்பரத்தில் எழுதியிருப்பினும், உறுதியில் எழுதப்படுவது பெரும்பாலும் குத்தகையாம். அதுவும் வருடந்தோறும் கொடுக்கும் குத்தகையன்று. பல ஆண்டுக்குரியதை ஒருங்கே முற்பணமாகக் கொடுத்த குத்தகை. நம்மவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஏனெனில், நிலத்தை அனுபவிக்கும் வகைகளை நன்கு பிரித்தறிந்த சமுதாயம் நம்முடையது. ஒல்லாந்தர் காலத்தில், 1706–07 ஆம் ஆண்டளவில், தொகுத்தெழுதப்பட்ட தேசவழமையிலே ஒற்றி என்னும் முறை கூறப்பட்டிருக்கின்றது. காணிக்காரன் பணம் பெற்றுக்கொண்டு காணியை ஒப்படைப்பான். பணம் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாக விளைவை அனுபவிப்பான். முதல் திரும்பிய அன்று காணியும் திரும்பும். ஒற்றி பிடித்தவனுக்கு விளைவு குறையலாம், முதல் குறையாது. குத்தகைக்காரனுக்கோ தவணை முடிந்தபின் கையிலிருப்பது அவன் உண்டு மிஞ்சிய விளைவு மாத்திரமே. கட்டுத்தறி வாங்குவோரிற் பலர் தாம் ஒற்றி பிடிப்பதாகவோ அறுதியாக வாங்குவதாகவோ எண்ணிக்கொண்டு, முற்பணக் குத்தகை எடுக்கின்றனர். ஏமாற்றம் யாதும் நிகழாமலே பணம் கரைவதற்குக் காரணம் இதுவே.

கணக்கைப் பார்ப்போம். எண்கள் மாணவரும் மனத்தாற் செய்யத்தக்கனவாக நாம் வைத்துக்கொண்டவை. ஒருவர் 25 இலட்சம் ரூபா கொடுத்து 25 ஆண்டுக்கு ஒரு கட்டுத்தறியைப் பெறுகின்றார். வாடகை ஆண்டுக்கு 3 இலட்சம். துறையை நடத்துவோர்க்குத் திருத்தம், காவல், விளக்கு, தூர் அகற்றல் என்பவற்றுக்காக ஆண்டுதோறும் 1 இலட்சம் இறுக்கவேண்டும். மிச்சம் 2 இலட்சம். நூற்றுக்கு எட்டு வட்டி என்று தரகர் கூறுவார். நன்று, ஆயின் அவ்வெட்டு வட்டியன்று. ஆண்டுதோறும் வரும் அவ்விரண்டு இலட்சத்துக்குள்ளே முதலின் ஒரு துண்டும் கலந்து திரும்புகின்றது. இருபத்தைந்தாம் ஆண்டின் முடிவில் திருப்பித் தர எவரிடமும் முதல் இல்லை. கூட்டுவட்டி முறையாற் கணித்தால் உண்மையான வட்டி நூற்றுக்கு ஆறே காலுக்கும் சிறிது குறைவு.

இது கட்டுத்தறி ஒருநாளும் வெறுமையாகாதிருந்தாற் பெறும் கணக்கு. ஆண்டில் நான்கு மாதம் படகு வராதாயின் வாடகை 2 இலட்சமாகும். துறைச்செலவோ குறையாது, படகு நின்றாலும் நில்லாவிட்டாலும் காவலன் சம்பளம் பெறுவான். மிச்சம் 1 இலட்சம். இருபத்தைந்து ஆண்டிலும் 25 இலட்சம். போட்ட பணம் கால் நூற்றாண்டாகத் துளித்துளியாய்த் திரும்பி வந்து சேர்ந்ததன்றி, ஒரு சதமும் இலாபமில்லை. அதற்கிடையே துறைச்செலவு ஏறுமாயின் நட்டம். விளம்பரத்தில் வாடகை தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். துறைச்செலவு ஏறுமா, எவ்வளவு ஏறும், ஏற்றுவது யார் அதிகாரம் என்பன உறுதியின் உள்ளே சிற்றெழுத்திற் கிடக்கும். பெரும்பான்மையும் அவ்வதிகாரம் துறை நடத்துவோர் கையிலேயே இருக்கும்.

நான்கு மாதம் வெறுமை என்பது மிகையான கற்பனை என்று நினைக்கவேண்டா. கனடாவில் வாழும் அன்பர்கள் ஏரி உறையுமுன் படகுகளைக் கரையேற்றி வைப்பதைக் கண்டிருப்பர். நம் வடகரையில் உறைபனி இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று உண்டு. கார்த்திகை தொடக்கம் வடமராட்சிக் கடல் எவ்வாறிருக்கும் என்பதை அங்குள்ள சிறு பிள்ளையும் அறியும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே, ஏறக்குறைய நாற்பது ஆண்டு இடைவெளிக்குப்பின், 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி பிரயாணிகள் கப்பல் தொடங்கியபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். சில நாள்களிலேயே பருவக்காற்றை முன்னிட்டு அது நிறுத்தப்பட்டது; மீளத் தொடங்கியது 2024 ஓகஸ்ட் 16 இல். இயந்திரக் கப்பலுக்கே இதுவானால், காற்றையும் விடுமுறையையும் பார்த்துப் பயணம் செய்யும் உல்லாசப் படகுகளைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

கடலின் ஆழமும் இங்கே கருதத்தக்கது. பாக்குநீரிணைப் பக்கமும் நமது பரவைக்கடலும் ஆழங் குறைந்தவை. அடியில் ஆழமாய் இறங்கும் கத்தியுடைய பாய்ப்படகுகள் பல இடங்களில் நெருங்கா. வடகரையிலோ ஆழம் உண்டு. ஆயின் கரையை ஒட்டி முருகைக் கற்பார் கிடக்கின்றது. அப்பாரை உடைத்துத் திறந்த வழியை அங்குள்ளார் ‘வான்’ என்பர். ஒவ்வோர் ஊரின் வானும் மணலும் கல்லும் நிறைந்து மறுபடி மறுபடி ஆழப்படுத்தப்படவேண்டியதாகின்றது. காங்கேசன்துறையைத் திருத்துதற்கென 2018 இல் இந்தியா கடனாகத் தர உடன்பட்ட தொகை 4 கோடி 52 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்டது. 2024 இல் அதே வேலைக்கு நன்கொடையாக அறிவிக்கப்பட்டது 6 கோடி 15 இலட்சம் டொலர். ஒரு துறையை ஆழமாய் வைத்திருத்தல் அரசுகளுக்கே எவ்வளவு பாரம் என்பதை இவ்விரு தொகைகளும் காட்டும். தனியார் துறையில் அப்பாரத்தைக் கட்டுத்தறிக்காரரே பகிர்ந்து சுமப்பர்.

இனி, நம் கரையின் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் இன்றியமையாதது. துறையிற் பொருள் ஈட்டியோர் எவ்வாறு ஈட்டினர் என்பதை அது காட்டும். துறை என்று முடியும் ஊர்ப்பெயர் நம் நாட்டில் எத்தனை! பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, கொழும்புத்துறை, ஊர்காவற்றுறை. இவற்றுட் கடைசியாகக் கூறிய ஊர் ஊராத்துறை என்னும் பெயரால் 12 ஆம் நூற்றாண்டிற் கல்லில் எழுதப்பட்டது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனம் முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்குக எனவும், அவர்க்குப் பாதுகாவல் உண்டு எனவும் அது கூறுகின்றது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப்பண்டம் ஏற்றிய கலம் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. நம் மாணவர்கள் இச்சாசனத்தைச் சரித்திரப் பாடத்துக்காக மனப்பாடஞ் செய்துவிட்டு மறந்துபோகின்றனர். உண்மையில் இது ஒரு முதலீட்டு ஒப்பந்தம். கலம் உடையுமாயின் யார்க்கு எவ்வளவு நட்டம் என்று, கலம் வருமுன்னரே அரசன் கல்லில் எழுதிவைத்தான். இன்றைய கட்டுத்தறி உறுதிகளில் அவ்வளவு தெளிவு இருந்தாற் போதும்.

அரசன் விரும்பி அழைத்தது கலங்களை. அவை வந்தமையால் துறை சிறந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டு யானைகள் ஆனையிறவைக் கடந்து வந்து ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல்வழியே சென்றது. 1905 இற் கொழும்பிலிருந்து புகைவண்டிப்பாதை வடக்கே வந்து முற்றுப்பெற்றபின், உள்நாட்டுச் சரக்கிற் பெரும்பகுதி இரும்புப்பாதைக்கு மாறிற்று. பின்னர் லொறிகள் வந்தன. 1948 இன் பின் நாடுகளுக்கிடையே போக்குவரவுச் சட்டங்களும் இறுகின. எந்தத் துறையும் அலையால் அழியவில்லை; சரக்கு வேறு வழியாற் போயிற்று, அவ்வளவே. அக்காலத்தில் ஊர்காவற்றுறையிற் கட்டுத்தறி விற்கப்பட்டிருந்தால், அதனை வாங்கினவனின் பேரப்பிள்ளைகள் இன்று எதனைப் பிரித்துக்கொண்டிருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வல்வெட்டித்துறையின் கதை இதனினும் விளக்கமானது. அங்குள்ள மேத்திரிமார் கையாற் கட்டிய பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும், பர்மாவுக்கும், மலையாளக் கரைக்கும் ஓடின. அவற்றுள் அன்னபூரணி என்னும் 89 அடி நீளமான கப்பலை, உலகத்தைச் சிறு பாய்ப்படகிற் சுற்றிப் புகழ்பெற்ற அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியார் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையிற் சேர்த்தனர். இதனை நாம் பெருமைக்காக மாத்திரம் சொல்லிக்கொள்வது வழக்கம். பொருளியல் நோக்கிலும் ஒருமுறை சொல்லிப் பார்க்க. அன்று வல்வெட்டித்துறையில் மிதவை மேடையுமில்லை, மின்விளக்குமில்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஊரார் பணம் மரத்திலும், பாயிலும், சரக்கிலும், கடலோடியின் கைத்திறத்திலும் இடப்பட்டிருந்தது. இவையெல்லாம் இடம் பெயரவல்லவை. வணிகம் தளரத் தொடங்கிய காலத்திலே கப்பலுக்கு அட்லாந்திக்குக் கரையிலிருந்து ஒருவர் விலை பேச வந்தார். கப்பலும் அங்கே ஓடிச் சென்றது. துறை ஓடிச் செல்லமாட்டாது. கப்பலுடையவன் நல்ல துறையைத் தேடிப் போகலாம். கட்டுத்தறி உடையவன் கப்பல் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

காத்திருத்தல் என்றதும் மயிலிட்டியைக் கூறாது செல்ல இயலாது. தீபகற்பத்தின் வடகரையில் மீன்வளம் மிக்க அத்துறையினின்றும் 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்தனர். அதன்பின் அது இராணுவ வலயத்துள் அடைபட்டு, 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டு. நாம் மேலே கணக்குக்காக எடுத்துக்கொண்ட குத்தகை இருபத்தைந்து ஆண்டுக்குரியது. 1990 இல் ஒருவர் மயிலிட்டியில் அத்தகைய உரிமையைப் பெற்றிருந்தாரென்று வைத்துக்கொள்வோம். தவணை முழுவதையும் முட்கம்பிக்கு வெளியே நின்று கழித்து, விடுவிப்புக்கு இரண்டு ஆண்டு முன்னரே உரிமையிழந்திருப்பார். அதே காலத்தில், அக்கரையிற் காணி உறுதி வைத்திருந்தோர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தலைமுறை ஒன்றைக் கழித்தனர். அவர் பட்ட துன்பத்தை நாம் சிறிதாக்கவில்லை. காணி விடுபட்ட குடும்பங்களுக்கு, வீடு இடிந்து கிணறு தூர்ந்திருந்தாலும், நிலம் நிலமாகவே கிடைத்தது. வேறு பலர் இன்றுவரை காத்திருக்கின்றனர்; அவர்க்கும் உரிமை காலத்தால் ஒழியவில்லை. நில உறுதிக்குக் கடிகாரம் இல்லை. குத்தகைக்கு உண்டு, அது போரென்றும் புயலென்றும் பாராது ஓடும். இவ்வேறுபாட்டைப் புத்தகத்திற் படித்து அறியவேண்டிய தேவை நம்மவர்க்கு இல்லை.

புயல் என்றோம். 1964 டிசெம்பர் 22 ஆம் திகதி இரவு தனுஷ்கோடியிற் கடல் புகுந்தது. மறுநாட் காலையிற் புகைவண்டி நிலையமும் துறையும் கடைத்தெருவும் இல்லை. அவ்வூர் பின்பு கட்டப்படவுமில்லை. 2004 டிசெம்பர் 26 இல் நம் கீழ்க்கரை பட்டதை யாவரும் அறிவர். காப்புறுதி படகுக்குக் கிடைக்கும். அழிந்த துறையில் எஞ்சிய ஆண்டுகளுக்குக் காப்புறுதி எழுதுவாரைத் தேடித்தான் பார்க்கவேண்டும். நாணயத்தின் புயல் இன்னொன்று: 2022 இல், 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 350 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டிலே உழைத்த பணத்தை ரூபாவில் நிலைகுத்திய வாடகையாக மாற்றுவோர் அவ்வாண்டை நினைவில் வைத்தல் நன்று.

இனி, வாங்குகின்றவரின் இலாப நட்டத்தைத் தாண்டி, துறையைச் சார்ந்து உண்ணும் மக்களைப் பற்றிய பக்கம் ஒன்றுண்டு. நமக்கு இதுவே முக்கியமாகப் படுகின்றது.

கரைவலை இழுக்கும் ஊர்களிற் ‘பாடு’ என்று ஒரு சொல் வழங்குகின்றது. வலைவீசி இழுத்தற்குரிய கரைத்துண்டு என்பது அதன் பொருள். தென்னிலங்கையில் மாவெல்ல என்னும் ஊரின் கரைவலைத் தொழிலைப் போல் அலெக்சாந்தர் என்னும் மானிடவியலறிஞர் ஆராய்ந்தார். எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையார் 1990 இல் வெளியிட்ட நூலில் அதனை எடுத்துக்காட்டினார். இவர் 2009 இற் பொருளியலுக்குரிய நோபெல் பரிசைப் பெற்ற முதற்பெண்மணி. மாவெல்லவில் வலையிற் பங்குடையவனுக்கே கரையில் முறை கிடைக்கும். வலைகள் யாவும் முறைமாறிக் கரையைப் பயன்படுத்தும். மீனுக்கு நல்ல விலை வந்த காலத்தில், கயிறு பிடித்து அறியாதவரும் முறைக்காகவே வலை வாங்கினர். வலைகள் பெருகின, கடலில் மீன் பெருகவில்லை. ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த நாள்கள் குறைந்தன. கரையில் உறங்கும் வலைகளுக்குப் போட்ட பணமெல்லாம் ஊருக்குப் பயன்படாத பணம்.

படகில்லாதவர் கட்டுத்தறி வாங்குவதும் அவ்வாறே முடியக்கூடும். மயிலிட்டித் துறை விடுவிக்கப்பட்டு, முதற்கட்டத் திருத்தம் முடிந்து, 2019 ஓகஸ்டில் மீன்பிடித் துறைமுகமாகத் திறக்கப்பட்டது. அதன்பின் அங்கே எழுந்த முறைப்பாடுகளுள் ஒன்று யாது? எல்லை தாண்டி வந்து பிடிபட்ட தமிழகத்து இழுவைப் படகுகள் வழக்கு முடியும்வரை அங்கே கட்டிவைக்கப்பட்டமையால், உள்ளூர்ப் படகுகளுக்கு இடம் போதவில்லை என்பது. ஓடாத படகு ஒன்று ஒரு கட்டுத்தறியை அடைத்துக்கொண்டு நின்றால், ஓடும் படகு ஒன்று வெளியே அலையில் நிற்கின்றது. அரசினது மீன்பிடித் துறைமுகங்களிற் கட்டுத்தறி எவர்க்கும் விற்கப்படுவதில்லை. வருகின்ற படகு கட்டணம் செலுத்தி நிற்கும். அம்முறையிற் குறைகள் பல உள. அலுவலகத் தாமதங்களைப் பற்றி மீனவர் சொல்லக் கேட்டால் ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். ஆயினும், ரொறன்ரோவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வடகரையிற் பத்துக் கட்டுத்தறிக்கு உரிமையாளராகி, குருநகரிலோ பருத்தித்துறையிலோ உள்ள நம் பழைய மாணவர் ஒருவரின் மகன் தன் படகைக் கட்ட அவருக்கு வாடகை இறுக்கும் நிலை வருமாயின், கல்லூரி விழாவில் அவ்விருவரும் ஒரே வாங்கில் அமர்ந்து உண்பது சிறிது கடினமாயிருக்கும்.

அப்படியாயின் கட்டுத்தறி எவர்க்கும் ஆகாததோ? ஆகும். சொந்தத்திற் படகு வைத்து, அதனை ஆண்டுதோறும் கடலில் விடுபவருக்கு ஆகும். அவர் எப்படியும் வாடகை கொடுக்கவேண்டியவர். பல்லாண்டு வாடகையை முன்னதாகக் கொடுத்து விலையேற்றத்தினின்றும் தப்பிக்கொள்கின்றார். அவர்க்கு வெறுமை மாதம் என்பது இல்லை. வட்டியை அவர் பணமாகப் பெறாது கடற்காற்றாகப் பெறுகின்றார். அது அவர் விருப்பம். துறையருகே படகு திருத்தும் பட்டறையோ, பயணிகளைத் தீவுகளுக்குக் கொண்டு செல்லும் தொழிலோ நடத்துபவருக்கும் ஆகலாம். அவருக்குக் கட்டுத்தறி கடையின் வாசற்படி போன்றது. கடையில்லாதவன் வாசற்படி வாங்குவதையே நாம் தடுக்கின்றோம். துறையை நம்பிப் பணம் போடவேண்டும் என்னும் ஆர்வம் அடங்காதவர்க்குப் படகு கட்டும் தொழிலும், இயந்திரம் திருத்தும் தொழிலும், பனிக்கட்டி ஆலையும் உண்டு. அவற்றின் இயந்திரங்கள், துறை மூடப்படினும், லொறியில் ஏறி வேறூர் போகத்தக்கவை.

இத்தனையும் கேட்டபின்னும் வாங்கத் துணிந்தவர், உறுதியிற் கையொப்பமிடுமுன் தம் நொத்தாரிசிடம் சிலவற்றை வாய்விட்டுக் கேட்பாராக. கடற்றரை யாருடையது, துறை நடத்துவோர் அதனை எத்தனை ஆண்டுக்குப் பெற்றனர், அதிற் கழிந்தவை எத்தனை? தம் உரிமையைப் பிறருக்கு மாற்றும்போது துறையாரின் சம்மதம் வேண்டுமா, அதற்கு ஏதும் பங்கு கேட்பரா? துறைச்செலவை ஏற்றுவதற்கு வரம்பு உண்டா? வான் தூர்ந்தால் தோண்டுபவர் யார்? துறை மூடப்பட்ட காலம் தவணையிற் கழியுமா, தவணையோடு கூட்டப்படுமா? இக்கடைசிக் கேள்விக்கு நொத்தாரிசு தலையைச் சொறிவாராயின், மயிலிட்டியின் இருபத்தேழு ஆண்டை அவருக்கு நினைவூட்டுக.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பதை அறிந்த அன்பர் ஒருவர், கட்டுத்தறியை மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாமா என்று வேடிக்கையாக வினவினார். உரிமையை மாற்ற உறுதி இடங்கொடுத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். சீதன உறுதியில் எஞ்சிய ஆண்டுகளை எழுத்தாலும் இலக்கத்தாலும் எழுதிவிடவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எழுத்தைப் பாராவிட்டாலும் இலக்கத்தைப் பார்ப்பார்கள்.